கோப்பி யாருடைய நாய்?

புக்கிட் பெருவாங் வட்டாரத்தில் கணேஸ்வரன் ஆண்டுக்கு இரண்டு மாதங்கள் மட்டும் பெயர்பெற்ற மனிதர். மற்ற மாதங்களில் அவர் ஆயர் குரோவிலுள்ள ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். நீலச்சட்டை அணிந்த பலருள் ஒருவர். கார்த்திகை பிறந்துவிட்டால் கதை வேறு. கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசிமாலையும் நெற்றி நிறையச் சந்தனமுமாக, செருப்பணியாத கால்களோடு அவர் கடைத்தெருவில் இறங்கினால், காய்கறி விற்கும் சீனரும், "சாமி, வெண்டிக்காய் இளசு சாமி" என்று தமிழிலேயே கூப்பிடுவார். வங்கிக் காவலர் கதவைத் திறந்துவிட்டுச் சற்றே தலை தாழ்த்துவார். அந்தத் தலைதாழ்த்தலைக் கணேஸ்வரன் வெளியே காட்டிக்கொள்ளாமல் விரும்பினார்.

அவர் பிறந்தது ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பால்மரம் சீவியவர். அம்மா களை எடுத்தவர். தோட்டம் வீடமைப்பு நிறுவனத்துக்குக் கைமாறியபோது அவருக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் வாழ்ந்த வாழ்க்கை அவருக்குள் விட்டுச்சென்றவற்றுள் ஒன்றை அவர் தம் மனைவி ஜானகியிடம்கூடச் சொன்னதில்லை. லயத்து வாசலில் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்று, "யாருடா இது செஞ்சது?" என்ற கேள்வி எழுந்தால், பாலைக் கொட்டியது யார், வேலியைப் பிடுங்கியது யார் என்று விவரம் தெரியும் முன்பே எல்லா வாய்களிலிருந்தும் ஒரே பதில் வந்துவிடும்: "நான் இல்லீங்க." செய்யாதவனும் அதையே சொல்வான்; செய்தவனும் அதையே சொல்வான். சொன்ன பிறகுதான் யோசனை வரும்.

அப்படிப்பட்ட லயத்துப் பிள்ளைக்கு இந்த ஆண்டு ஒரு பெருமை காத்திருந்தது. சபரிமலைக்கு அவர் செல்வது இது பதினெட்டாவது முறை. பதினெட்டாம் ஆண்டில் மலையேறுபவர் தென்னங்கன்று சுமந்து செல்வார். அன்றுமுதல் குருசாமி எனப்படுவார். அவர் சேர்ந்து செல்லும் குழுவின் பழைய குருசாமியான வீரப்பனுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மாலை போட்ட அன்றே அவர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: "இந்த வருஷம் இருமுடியெல்லாம் கணேஸ்வரன் சாமி கட்டுவாரு. நான் ஓரமா நாற்காலி போட்டு உக்காந்து குத்தம் சொல்றேன்."

இருமுடி என்பது மலைக்குச் செல்பவர் தலையில் சுமக்கும் இரட்டைப் பை. அதில் நெய்த்தேங்காயை வைத்துக் கட்டி, குருசாமி தம் கையால் தலையில் ஏற்றிவிட்டால்தான் பயணம் தொடங்கும். ஏற்றுக்கொள்பவர் குருசாமியின் காலில் விழுந்து எழுவார். வீட்டில் யாரும் இல்லாத வேளைகளில் கணேஸ்வரன் ஒரு தலையணை உறையில் தேங்காயைப் போட்டு, முடிச்சுப் போட்டுப் பழகினார். ஜானகி ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மலையேற்றத்துக்குக் கால் பழக வேண்டும் என்பதற்காக, விரத காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவினர் வெறுங்காலோடு ஒரு காட்டுப்பாதையைச் சுற்றிவருவது வழக்கம். ஊரை ஒட்டிய குன்றின் பின்புறத்தில், முன்னொரு காலத்தில் கல் உடைத்த பெரும்பள்ளம் ஒன்று உண்டு. இருபுறமும் செம்மண்ணும் பாறையுமாகச் செங்குத்தாக நிற்கும். அடியில் ஓர் ஓடை. பாதை பள்ளத்தின் விளிம்பில் தொடங்கி, வளைந்து வளைந்து அடிக்கு இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச்சரிவில் ஏறி, புறப்பட்ட கார் நிறுத்துமிடத்துக்கே வந்து முடியும். ஊரார் அதைப் 'பூசிங்' என்பார்கள். மலாய்ச் சொல்தான், சுற்று என்று பொருள். "ஒரு பூசிங் போய்ட்டு வந்துட்டேன்" என்றால் காலை நேரம் நன்றாகக் கழிந்தது என்று கொள்ளலாம்.

டிசம்பர் மழையில் அந்தப் பூசிங் கடினமாகிவிடும். மண் வழுக்கும்; அட்டை ஏறும்; பள்ளத்துக்குள் குளிர் தேங்கி நிற்கும். காட்டுப்பன்றியும் இறங்கும். ஆகவே கணேஸ்வரன் தம் வீட்டு நாய்கள் இரண்டையும் அழைத்துவருவார். மைலோ தவிட்டு நிறம், வயதானது, நடப்பதைவிட நிற்பதையே விரும்பும். கோப்பி கறுப்பு, இளையது, குட்டியாகத் தொழிற்சாலைச் சாக்கடையில் நடுங்கிக்கொண்டிருந்ததைத் தம் நீலச்சட்டையைக் கழற்றிச் சுற்றி அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றுமுதல் அது அவருடைய நிழல். அவர் கிடங்கு வேலை முடிந்து வரும் மோட்டார் சைக்கிளின் ஒலியைத் தெருமுனையிலேயே அறிந்து, வாயிற்கம்பிகளுக்கு இடையே மூக்கை நீட்டிக் காத்திருக்கும்.

அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்தே தூறல். வழக்கமாக வருபவர்களில் இருவர் மட்டுமே வந்திருந்தனர். ஒருவர் குஞ்சம்மா. கணேஸ்வரன் பிறந்த அதே தோட்டத்தில் வளர்ந்தவர். இப்போது தங்கா பத்துவில் மகள் வீட்டில் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியும் வாய் மட்டும் இருபதில் நிற்பவர். மற்றவன் யுவனேஸ்வரன். லோரி ஓட்டுபவன். முதன்முறையாக மாலை போட்டிருக்கும் கன்னிச்சாமி. கணேஸ்வரன் சொல்வது எதையும் அவன் கண்கொட்டாமல் கேட்பான்.

"மத்த சாமிங்கல்லாம் எங்க?" என்று யுவனேஸ்வரன் கேட்டான்.

"போர்வைக்குள்ள சரணம் சொல்லிக்கிட்டு இருக்காங்க," என்றார் குஞ்சம்மா. "நமக்கு மட்டும்தான் சொர்க்கம் போல. நட லா, சாமி."

கோப்பி அவர்மேல் தாவியது. "ஐயோ, கோப்பிச்சாமி! நேத்து கோழி தின்ன வாயோட எம்மேல விழாத. நான் விரதம்."

"நாயையும் சாமின்னுதான் கூப்பிடணுமா, சாமி?" என்று யுவனேஸ்வரன் கணேஸ்வரனிடம் கேட்டான்.

கணேஸ்வரன் நின்று, நிதானமாகப் பதில் சொன்னார். அவருக்கு இத்தகைய கேள்விகள் பிடிக்கும். "ஆமா சாமி. மாலை போட்டுட்டா எதிர்ல வர்ற எல்லாமே சாமிதான். நாயி, பூனை, எறும்பு. பொய் சொல்லக்கூடாது. கை ஓங்கக்கூடாது. செருப்பு போடாம நடக்கறது சுலபம். இந்த ரெண்டும்தான் கஷ்டம்."

"கவனமா கேட்டுக்க," என்றார் குஞ்சம்மா. "அடுத்த மாசம் உன் தலையில இருமுடி ஏத்தப்போற குருசாமி சொல்றாரு."

யுவனேஸ்வரன் கைகளைக் கூப்பிச் சிரித்தான். கணேஸ்வரனுக்கு உள்ளுக்குள் இனித்தது.

பாதையின் தொடக்கத்தில், நாய்களைக் கயிற்றில் பிடித்துச் செல்லவேண்டும் என்று மலாயில் எழுதிய பலகை உண்டு. விளிம்புவரை கணேஸ்வரன் அப்படித்தான் சென்றார். இறக்கம் தொடங்கியதும் கோப்பி முன்னால் இழுக்க, அவருடைய வெறுங்கால்கள் சேற்றில் இருமுறை சறுக்கின. மூன்றாம் முறை விழப்போய் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். மழை நாளில் இந்தப் பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று எண்ணி, கயிற்றைக் கழற்றித் தோள்பைக்குள் போட்டார். கோப்பி அம்பு போலப் பாய்ந்து வளைவில் மறைந்தது. மைலோவின் கயிறு குஞ்சம்மாவின் கையில் இருந்தது. அவரும் யுவனேஸ்வரனும் பின்னால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தனர்.

பள்ளத்தின் அடியில், ஓடைக்கு அருகில், தகரக்கூரை போட்ட ஒரு சிறு பொண்டோக் உண்டு. நான்கு கால் நட்ட இளைப்பாறும் கொட்டகை. கணேஸ்வரன் கடைசி வளைவைத் திரும்பும்போதே ஒரு குழந்தையின் அலறல் கேட்டது.

ஒரு மலாய்க் குடும்பம். தந்தை, தாய், ஆறேழு வயதுப் பெண்குழந்தை. மழைக்கு ஒதுங்கி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்திருக்கிறார்கள். வாசனையை நுகர்ந்து ஓடிய கோப்பி, நனைந்த உடம்போடு குழந்தையின் காலருகே போய் மூக்கை நீட்டி, காலை ஒருமுறை நக்கியும் விட்டிருக்கிறது. குழந்தை பயந்து ஓடி, ஓடைக்கரைச் சேற்றில் சறுக்கி விழுந்து, முழங்காலில் சிராய்ப்பு. தாய் தூக்கிக்கொண்டிருந்தார். சோறு தரையில் சிந்திக் கிடந்தது. கோப்பி, தான் செய்தது இன்னதென்று அறியாமல், வாலை ஆட்டிக்கொண்டு நடுவில் நின்றது.

தந்தை திரும்பினார். காற்பந்து ஜெர்சி அணிந்த இளைஞர், முகம் சிவந்திருந்தது. ஒரு கையில் கைப்பேசி இருந்தது.

"அஞ்சிங் சியாப்பா நி?" என்று உரக்கக் கேட்டார். யாருடைய நாய் இது?

கணேஸ்வரனின் தலைக்குள் ஒரே நொடியில் பல எழுந்தன. பலகை. கழற்றிய கயிறு. நாய் தீண்டினால் முஸ்லிம்களான அவர்கள் மண்ணும் நீரும் கொண்டு கழுவித் தூய்மை செய்துகொள்ள வேண்டியவர்கள் என்பது. கறுப்பு வேட்டியும் மாலையுமாக நிற்கும் தாம். அந்தக் கைப்பேசி. பொழுது சாய்வதற்குள் ஊர்முழுக்கப் பரவப்போகும் படம். கோவில் பெயர். குழுவின் பெயர். இவையெல்லாம் எழுந்தன என்று பின்னாளில் அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். உண்மையில் இவற்றுக்கெல்லாம் முன்பே அவர் வாய் திறந்துவிட்டிருந்தது.

"புக்கான் அஞ்சிங் சாயா," என்றார். என் நாய் இல்லை. அதுவும் போதாதென்று, "அஞ்சிங் லியார்," என்றும் சேர்த்தார். தெருநாய்.

அவருடைய குரலைக் கேட்டதுதான் தாமதம், கோப்பி ஓடிவந்தது. வந்து, வழக்கம்போல் அவருடைய கெண்டைக்காலில் தன் ஈர உடம்பைச் சாய்த்து, பாதத்தின்மீதே உட்கார்ந்து, அந்த மலாய்க்காரரைப் பார்த்து நாக்கைத் தொங்கவிட்டது.

மலாய்க்காரரின் பார்வை நாயிலிருந்து கணேஸ்வரனின் முகத்துக்கு ஏறியது. அங்கேயே நின்றது.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் கணேஸ்வரன் குனிந்தார். கைக்கு அகப்பட்ட ஒரு கல்லை எடுத்தார். "போ! ச்சீ, போ!" என்று காலை உதறினார். கோப்பி விளையாட்டென்று எண்ணிச் சற்றுத் தள்ளி ஓடி, முன்கால்களைத் தாழ்த்தி, எறியுங்கள் என்பதுபோல் காத்திருந்தது. வீட்டு முற்றத்தில் அவர் பந்து எறியும்போது அது நிற்கும் நிலை அதுதான்.

அவர் எறிந்தார்.

கல் அதன் பின்தொடையில் பட்ட ஒலி தனியே கேட்டது. கோப்பி குரைக்கவில்லை. ஒரு சிறு முனகல், அவ்வளவுதான். மூன்று கால்களில் நொண்டியபடி மூங்கில் புதருக்குள் நுழைந்து, பள்ளத்தின் இருண்ட பக்கமாக மறைந்துபோயிற்று.

கணேஸ்வரன் திரும்பினார். வளைவில் குஞ்சம்மாவும் யுவனேஸ்வரனும் நின்றுகொண்டிருந்தனர். எவ்வளவு நேரமாக என்று கேட்க வேண்டியதில்லை. குஞ்சம்மாவின் முகமே சொல்லியது. அவர் கையிலிருந்த கயிற்றை இழுத்து, மைலோ மூங்கில் புதரை நோக்கி ஊளையிட்டது.

மலாய்க்காரர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்ச்சரிவில் ஏறத் தொடங்கினார். தாய், சிந்திய பொட்டலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தார்.

"தம்பி," என்றார் குஞ்சம்மா.

மாலை போட்ட நாளிலிருந்து அவர் கணேஸ்வரனை அப்படி அழைத்ததில்லை. லயத்தில் அழைத்த பெயர் அது.

"தம்பி, நாயத் தேடலாம் வா."

"அது வந்துரும்," என்றார் கணேஸ்வரன், தரையைப் பார்த்துக்கொண்டு. "வழி தெரியும் அதுக்கு. மேல போயிரலாம். மழை வலுக்குது."

"அடி பட்டிருக்கு."

"சின்னக் கல்லுதான்."

"சின்னக் கல்லா?" குஞ்சம்மா தரையைக் காலால் தடவினார். "இங்க சின்னக் கல்லே இல்ல. கல்லு ஒடச்ச எடம் இது."

கணேஸ்வரன் ஏறினார். வேறு வழியின்றி அவர்களும் ஏறினர். ஏற்றத்தில் சரணம் சொல்லிக்கொண்டே நடப்பது வழக்கம். முதல் குரலை யுவனேஸ்வரன்தான் எடுப்பான். அன்று அவன் எடுக்கவில்லை. கணேஸ்வரன் தாமே தொடங்கலாமா என்று வாயைத் திறந்தார். சற்று முன்பு அந்த வாயிலிருந்து வந்த சொற்கள் நினைவுக்கு வந்தன, மூடிக்கொண்டார். மைலோ ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் பார்த்தது. குஞ்சம்மா அதை இழுக்கவில்லை. அது பார்த்து முடிக்கும்வரை தாமும் நின்றார்.

கார் நிறுத்துமிடத்தில் அந்தக் குடும்பம் இன்னும் இருந்தது. காரின் பின்கதவைத் திறந்துவைத்து, குழந்தையை விளிம்பில் உட்காரவைத்திருந்தனர். தந்தை ஒரு வாளித் தண்ணீரில் மண்ணைக் கரைத்து, குழந்தையின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு சுத்தத் தண்ணீரால் எண்ணி எண்ணி ஊற்றினார். கோபமாகச் செய்யவில்லை. பல் துலக்கிவிடுவது போலப் பொறுமையாகச் செய்தார். குழந்தை மட்டும் விடாமல் விம்மிக்கொண்டிருந்தது.

கணேஸ்வரனின் கார் எதிர்ப்பக்கம் நின்றது. சாவி கையில் இருந்தது. நேராக நடந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. அவர் பாதி தூரம் நடந்தும்விட்டார். தமக்குப் பின்னால் மற்ற இருவருடைய காலடி ஒலி நின்றுவிட்டதை அப்போதுதான் உணர்ந்தார். அவர்கள் பாதையின் வாயிலிலேயே நின்றிருந்தனர், அவரோடு வரவில்லை.

அவர் திரும்பி, மலாய்க்காரரிடம் சென்றார். செம்மண் அப்பிய வெறுங்கால்கள். நனைந்து ஒட்டிய வேட்டி. மலாயில்தான் சொன்னார். அந்த நாய் என்னுடையது. கயிற்றைக் கழற்றியது நான். மன்னிக்க வேண்டும்.

அந்த இளைஞர் நிமிர்ந்து பார்க்காமலேயே கடைசி முறை தண்ணீரை ஊற்றினார்.

"சாயா தாஹு, அங்கிள்," என்றார். தெரியும்.

பிறகு நிமிர்ந்தார். தாம் கோபப்பட்டது உண்மை என்றார். பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் யாருடையது என்று கேட்டதாகச் சொன்னார். நாய் தொட்டால் கழுவினால் போயிற்று. அதற்கு வழி இருக்கிறது. அது பெரிய செய்தி இல்லை. நாய் உங்கள் காலில் வந்து உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டது. பின்னால் அந்த அம்மா இன்னொரு நாயைக் கயிற்றில் பிடித்து நின்றதையும் பார்த்தேன் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் பள்ளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அதை ஏன் அடித்தீர்கள், அங்கிள்?"

குழந்தை தந்தையின் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டது. இவ்வளவு நேரம் முழங்கால் வலிக்காக அழுகிறது என்றே அவர் எண்ணியிருந்தார். அது கேட்டது அவர் காதில் தெளிவாக விழுந்தது: அந்த நாய் செத்துப் போய்விட்டதா?

"இல்லை," என்றார் தந்தை. "இந்த அங்கிள் போய்த் தேடப்போகிறார்." சொல்லிவிட்டுக் கணேஸ்வரனைப் பார்த்தார். அது வேண்டுகோள் அன்று.

கணேஸ்வரனும் மற்ற இருவரும் வந்த வழியே பள்ளத்துக்குள் இறங்கினர். மழை இப்போது நன்றாகப் பிடித்துக்கொண்டது. கோப்பி, கோப்பி என்று கணேஸ்வரன் கூப்பிட்ட குரல் பாறைச் சுவரில் பட்டு அவருக்கே திரும்பி வந்தது. நெடுநேரம் தேடியபின், துருத்திய ஒரு பாறையின் அடியில், தண்ணீர் சொட்டாத சிறு இடுக்கில் யுவனேஸ்வரன்தான் அதைக் கண்டான்.

"இங்க இருக்கு! உயிரோடதான் இருக்கு!"

கணேஸ்வரன் ஓடினார். கோப்பி அவரைக் கண்டதும் வாலை ஒருமுறை அசைத்தது. பழக்கம் போகவில்லை. "வாடா, வா," என்று அவர் குனிந்து கையை நீட்டினார்.

அவர் முதுகு வளைந்ததுதான் தாமதம். கோப்பி வயிற்றைத் தரையோடு ஒட்டி, காதுகளை மடக்கி, பாறைக்குள் புதைந்துவிடுவது போலப் பின்னால் ஒடுங்கியது. நடுக்கத்தில் பற்கள் மோதும் ஒலி கேட்டது. நீட்டிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி," என்றான் யுவனேஸ்வரன். மரியாதை குறையாத குரல்தான். அவன் உட்கார்ந்தவாறே நகர்ந்து சென்று, கோப்பியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். ஏற்றம் முழுவதும் அவனே சுமந்தான். கணேஸ்வரன் வாங்கிக்கொள்ள ஒருமுறை நெருங்கியபோது, நாய் அவன் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தது. அதன்பின் அவர் நெருங்கவில்லை.

எலும்பு முறியவில்லை, சதையில் கன்றிப்போன அடி என்று கால்நடை மருத்துவர் கூறினார். எப்படிப் பட்டது என்று கேட்டதற்கு, "நான்தான் கல்லால அடிச்சேன்," என்றார் கணேஸ்வரன். மருத்துவர் மறுகேள்வி கேட்கவில்லை. ஜானகி கேட்டாள். அவளிடமும் மறைக்காமல் சொன்னார். அவள் கோப்பியின் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இதுக்கா தலையணை உறையில முடிச்சுப் போட்டுப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலை வீரப்பன் வீட்டில் பஜனை. பூசை முடிவில், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்குமாறு எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொள்வது முறை. 'தெரியாமல்' என்பதைச் சொல்வது கணேஸ்வரனுக்கு எப்போதும் எளிதாக இருந்தது. அன்று 'தெரிந்தும்' என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். பிரசாதம் கொடுப்பதற்குமுன் எழுந்து நின்றார்.

"ஒரு சின்ன விஷயம் சொல்லணும், சாமிங்களா," என்று தொடங்கினார். கதவோரம் குஞ்சம்மா உட்கார்ந்திருந்தார். "சின்ன விஷயம் இல்ல," என்று திருத்திக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே கூறினார். யாரையும் பார்க்காமல், சுவர்க்கடிகாரத்துக்குக் கீழிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு கூறினார்.

வீரப்பன் முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தார். "அட, இதுக்கா சாமி முகம் இப்படி இருக்கு? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். நாயிதானே லா. ஒரு தேங்கா ஒடச்சி மன்னிப்புக் கேட்டா போச்சு. அவங்ககிட்ட வம்பு வராம பாத்தீங்களே, அது நல்லதுதான்."

"ஆமா, வீடியோ கீடியோ எடுத்திருந்தா நாறிப் போயிருக்கும்," என்றது இன்னொரு குரல். சிலர் தலையசைத்தனர். எவரோ சுண்டல் தட்டை நகர்த்தினார். விவகாரம் அங்கேயே முடிந்துவிட்டது போல் பேச்சு விமானச் சீட்டுகளுக்குத் தாவியது.

கணேஸ்வரன் நின்றபடியே இருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இவ்வளவு எளிதாகப் பொறுத்துவிடுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பொறுமையில், அவர் செய்ததைத் தாங்களும் செய்திருப்போம் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்வது போலிருந்தது. அது ஆறுதலாக இல்லை.

வாயிலில் செருப்பில்லாத கால்களை உதறிக்கொண்டிருந்த யுவனேஸ்வரனை அவர் தனியே நிறுத்தினார்.

"சாமி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லாம சொல்லுங்க. உங்க இருமுடிய நான் கட்டலாமா?"

யுவனேஸ்வரன் அவர் காலைப் பார்த்தான். வாயிலைப் பார்த்தான்.

"மொத மொத போறேன், சாமி," என்றான் கடைசியில். "எங்கம்மா நெய்த்தேங்காயெல்லாம் இப்பவே வாங்கி வெச்சிருக்காங்க. அது... வீரப்பன் சாமியே கட்டட்டும். கோவிச்சுக்காதீங்க."

"கோவமில்ல."

"உங்க மேல மரியாத இருக்கு, சாமி. சத்தியமா. ஆனா அந்தக் கை..." தன் வாயில் இப்படி ஒன்று வந்துவிட்டதே என்று அவனே திடுக்கிட்டு, விறுவிறுவென்று லோரி நிறுத்திய பக்கம் போய்விட்டான்.

கணேஸ்வரன் உள்ளே திரும்பிச் சென்று, இந்த ஆண்டு எவருடைய இருமுடியையும் தாம் கட்டப்போவதில்லை என்று வீரப்பனிடம் கூறினார். வீரப்பன் வாதிட்டார், கடிந்தார், முழங்காலைக் காட்டினார். கணேஸ்வரன் அசையவில்லை. "அப்ப மாலையையும் கழட்டிருவீங்களா?" என்று வீரப்பன் எரிச்சலோடு கேட்டபோது, குஞ்சம்மா முந்திக்கொண்டார். "கழட்டிட்டா அவருக்குச் செருப்பு கெடைக்கும், பஞ்சு மெத்த கெடைக்கும். சொகமாப் போயிரும். போட்டுக்கிட்டே இருக்கட்டும்."

அது இரக்கமா, ஏளனமா என்று கணேஸ்வரனால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் என்றே கொண்டார்.

தை பிறப்பதற்குமுன் குழு புறப்பட்டது. இருமுடி கட்டும் நாளில் வீரப்பன் வலியோடு மணையில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்காகக் கட்டி ஏற்றினார். கணேஸ்வரன் வரிசையின் கடைசியில் நின்று, மற்றவர்களைப் போலவே காலில் விழுந்து எழுந்தார். தென்னங்கன்றை எடுத்துச்செல்வாரா என்று பலர் அவரிடம் கேட்டனர். எடுத்துச்செல்லவில்லை. மலைக்குப் போனார், வந்தார், மாலையைக் கழற்றினார். நீலச்சட்டை அணிந்து கிடங்குக்குத் திரும்பினார். வங்கிக் காவலரின் கதவு பக்கம் அவர் அந்த ஆண்டு போகவே இல்லை. பணம் எடுக்க வேண்டியிருந்தால் ஜானகியை அனுப்பினார்.

கோப்பியின் கால் சரியாகிவிட்டது. மோட்டார் சைக்கிள் ஒலி கேட்டால் இப்போதும் வாயிலுக்கு ஓடிவருகிறது, வாலை ஆட்டுகிறது, காலில் சாய்ந்துகொள்கிறது. பார்ப்பவர்கள் ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைப்பார்கள். ஆனால் கணேஸ்வரன் எதற்காகவாவது குனிந்தால் போதும். விழுந்த சாவியை எடுக்க, செய்தித்தாளை எடுக்க, காலுறையை இழுத்துவிட. எதுவாயினும், அவர் முதுகு வளைந்த கணத்தில் கோப்பி எழுந்து, ஓசையின்றி, எறிந்தால் எட்டாத தொலைவுக்குச் சென்று நின்றுகொள்ளும். அங்கிருந்து அவருடைய கையையே பார்க்கும்.

ஆகவே அவர் வீட்டில் குனிவதை விட்டுவிட்டார். ஏதாவது விழுந்தால், முதலில் நேராகத் தரையில் உட்கார்ந்துகொள்கிறார், பிறகு எடுக்கிறார். மாலையில் சோற்றுத் தட்டோடு பின்வாசலில் சப்பணமிட்டு அமர்ந்து, தட்டை விரல்நுனியால் மெல்லத் தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்து முழங்கால்கள்மீது வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மைலோ உடனே வந்து தன் பங்கைத் தின்றுவிட்டுப் படுத்துவிடும். கோப்பிக்கு நேரமாகும். அது முதலில் அவருடைய வலக்கையை முகரும். அதில் ஒன்றும் இல்லை என்று அறிந்தபின் இடக்கையை முகரும். பிறகுதான் தட்டின் பக்கம் தலையைத் தாழ்த்தும்.

அது முகர்ந்து முடிக்கும்வரை அவர் கைகளை அசைப்பதில்லை.